நிழல் விலை

கோஸ்தனாயில் ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மாவு ஆலையின் இரண்டாம் மாடியில்
என் மடிக்கணினிக்கு மட்டும் காய்ச்சல்.

நான்கு குதிர்களில் நான்கு தரக் கோதுமை,
மூன்று வகை மாவு.
அரைக்க இத்தனை மணி, தைக்க இத்தனை மணி,
ஏற்றி அனுப்ப இத்தனை ரயில் பெட்டி.
எல்லாவற்றையும் கோடுகளாக எழுதி வேலி கட்டி
லாபத்தை உள்ளே மேயவிட்டேன்.
ஓடி ஓடி
ஒரு மூலையில் போய் நின்றது.
அது எப்போதும் மூலையில்தான் நிற்கும்,
இரண்டு வேலிகள் முட்டிக்கொள்ளும் இடத்தில்.

இயக்குநர் செரிக்பாய்க்குக் கணக்கு தேவையில்லை.
முடை எதுவென்று அவருக்குத் தெரியும்:
ரயில் பெட்டிகள்.
மூன்று குளிர்காலமாகச்
சரக்கு நிலைய அதிகாரி துலேகெனுக்கு
முழ நீளத்தில் குதிரைக்கறி கஸி,
கொன்யாக் ஒரு புட்டி,
மகள் கல்யாணத்துக்குக் கம்பளம்.
ஆலையில் யாரிடமும் வளையாத குரல்
தொலைபேசியில் மட்டும் வளையும்:
"தம்பி, இன்னும் ஐந்தே ஐந்து பெட்டி."

திரையில் கடைசிப் பத்தி திறந்தது.
நிழல் விலை.
இருப்பதற்கு மேல் இன்னும் ஒன்று கிடைத்தால்
லாபம் எவ்வளவு கூடும் என்கிற எண்.
சந்தையில் கேட்க முடியாது,
எந்த ரசீதிலும் அச்சாகாது.
நிழலின் அருமை வெயிலில் தெரியுமாம்.
இங்கே வெயில் ஏப்ரலில்தான் வரும்.

ரயில் பெட்டி: பூஜ்யம்.

எங்கோ தட்டுப் பிழை என்று மறுபடி ஓட்டினேன்.
பூஜ்யம்.
ஜன்னல் கண்ணாடியைக் கையால் துடைத்தேன்.
பின்முற்றத்துத் தண்டவாளத்தில்
ஐந்து பெட்டிகள்,
கூரையில் முழம் பனியோடு,
சும்மா.

அதற்கு இரண்டு வரி கீழே
மூட்டை தைக்கும் இயந்திரம், ஒரு மணி நேரம்:
நாற்பத்தோராயிரத்து முந்நூறு டெங்கே.

இறங்கிப் போனேன்.
இமையிலும் மாவோடு அந்தொனீனா
கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.
மணிக்கு ஒருமுறை ஊசி முறிகிறது.
படிவம் எழுதி, மாடியேறிக் கையெழுத்து வாங்கி,
கிடங்கில் நீட்டி
ஒற்றை ஊசியோடு திரும்ப இருபது நிமிடம்.
ஊசிக்கு ஊசி கையெழுத்து:
சிக்கனத்துக்கென்று செரிக்பாய் போட்ட உத்தரவு.
"ஏன் சொல்லவில்லை?"
"சொன்னேனே. எழுதி ஆலோசனைப் பெட்டியில் போட்டேன்,
போன வருஷத்துக்கு முந்தின வருஷம்."
அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் என்று
எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

தாளை இயக்குநரின் மேசையில் வைத்தேன்.
கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.
"ஊசி என்ன விலை?"
"தொள்ளாயிரம்."
நெடுநேரம் கழித்து,
யாரிடமோ விசாரிப்பதுபோல்,
"மூன்று குளிர்காலத்தில்
மொத்தம் எத்தனை குதிரை இருக்கும்?"

மறுநாள் காலை தையல் இயந்திரத்தின் மேல்
ஒரு பெட்டி நிறைய ஊசி.
பக்கத்தில் காகிதம் சுற்றிய கஸி.
அந்தொனீனா என்னைத் தேடி மாடிக்கே வந்துவிட்டாள்:
"யார் செத்துப்போனது?"

பத்து நாளில் பின்முற்றம் காலி.
புது எண்களைப் போட்டு மறுபடி ஓட்டினேன்.
லாபம் பழைய மூலையை விட்டுக் கிளம்பி
வேறொரு மூலையில் போய் மூச்சு வாங்கியது.
தையல்: பூஜ்யம்.
ரயில் பெட்டி: ஐம்பத்தெட்டாயிரம்.

நிழல் அழியவில்லை, நகர்ந்திருந்தது.
மாதிரியில் குற்றமில்லை. இருந்தாலும்
மத்தியானம்வரை தாளை மடியிலேயே வைத்திருந்தேன்.
பிறகு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

செரிக்பாய் படித்தார்.
இந்தக் குளிர்காலத்தில் முதல்முறையாக
ஒரு கணக்கைப் பார்த்துச் சிரித்தார்.
கோட்டை மாட்டி, ரோமத் தொப்பியை இழுத்து,
தொலைபேசியில் துலேகெனின் எண்ணைத் தேடியபடி
வாசலில் நின்று திரும்பினார்:

"அந்தொனீனாவிடம் கேள்,
கஸியில் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று."